வெளியே தெரியும் பாகம்

திருப்பூரில் ஒரு தனி மனிதர் தன் இஷ்டத்துக்குக் கம்ப்யூட்டர் பாகங்களைத் தேர்ந்தெடுத்து வாங்குவது சமூகத்துக்குக் கேடு என்பது 2006-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் கணிப்பொறி விற்பனையாளர் நல்வழிப் பேரவையினர். ஆனி மாதம் முடிய ஊர் ஜனங்கள் அவரவர் பணத்துக்கு அவரவருக்குப் பிடித்ததை வாங்கிப்போய்க் கெட்டுக்கொண்டிருந்தார்கள்.

அபிராமிக்கு இந்த விஷயம் தெரியாது. அவள் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். மண்ணரையில் சுப்பையனின் பிரிண்டிங் பட்டறையில் பனியன்களின் நெஞ்சில் அச்சடிக்கும் படங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்தவள். குழந்தை பிறந்தபின் வேலைக்குப் போக முடியவில்லை. அவள் கணவன் ராக்கையா ஓவர்லாக் டெய்லர். அவன் ஒருவன் சம்பளத்தில் வீட்டு வாடகையும் பால்பொடியும் ஒன்றோடொன்று சண்டை போட்டன.

சுப்பையன்தான் வழி சொன்னார். "ஊட்டுலயே ஒரு சிஸ்டம் போட்டுக்கங்க அம்மிணி. தீவாளி சீசன் வேலை பூராவும் உங்களுக்கே தாரேன்."

கம்பெனிக் கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லை. பாகங்களாக வாங்கிக் கோர்த்துக்கொண்டால் பாதி விலையில் முடியும் என்றார்கள். அபிராமி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தாள், பழைய பட்டறை நண்பர்களைக் கேட்டாள், ஒரு முடிவுக்கு வந்தாள். படங்கள் கனமானவை என்பதால் ராம் என்கிற நினைவகம் நிறைய வேண்டும். நிறம் சரியாகத் தெரிய மானிட்டர் நல்லதாக வேண்டும். மண்ணரைக் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் குதிக்கும். ஆகவே கரண்டை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி உறுதியானதாக இருக்க வேண்டும். பிராசசர் சுமாரானது போதும். கேபினெட் எந்தத் தகர டப்பாவானாலும் சரி.

இந்த ஞானத்தோடு, சீட்டு எடுத்த பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, ராயபுரத்தில் கன்னையன் கடைக்குப் போனாள்.

"எல்லாம் இருக்குதுங்க" என்றார் கன்னையன். "குடுக்கத்தான் முடியாதுங்க."

"ஏன் அண்ணாச்சி?"

"பேரவை தீர்மானமுங்க. லூஸ்ல, கேட்டதை உதிரியாக் குடுத்தா எனக்கு வர்ற சரக்கை நிறுத்திப் போடுவாங்க. நீங்க பாகத் தேர்வுக் குழு முன்னாடி ஒருக்கா போய் நின்னுட்டு வந்துருங்க. எது எது வாங்கோணும்னு அவங்க சொல்லுவாங்க."

"நான் ஒரு கம்ப்யூட்டர் வாங்க வந்திருக்கேன் அண்ணாச்சி. என்னமோ மாப்பிள்ளை பாக்கப் போற மாதிரி சொல்லுதீங்க?"

"மாப்பிள்ளைன்னா நீங்களே பாத்துக்கலாமுங்க. அதுக்குச் சங்கம் கெடையாதுங்க."

கோவைக்குப் போய் வாங்கலாமா என்று யோசித்தாள். கன்னையன் குரலைத் தாழ்த்தி, வெளியூர்ச் சரக்கைத் திருப்பூரில் யாரும் தொட்டுப் பழுது பார்க்கக் கூடாது என்றும் ஒரு தீர்மானம் இருப்பதைத் தெரிவித்தார். பேரவை எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

பேரவை அலுவலகம் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. மேடை, மேடைமேல் மெத்தை வைத்த நாற்காலிகள், பின்னால் 'பாகத் தேர்வு ஆலோசனைக் குழு' என்று பலகை. ஒரு வீடியோக்காரர் விளக்கைப் போட்டார். செயலாளர் நஞ்சப்பன் மைக்கைத் தட்டினார்.

"திரளாகக் கூடியிருக்கும் பொதுமக்களே!"

பொதுமக்கள் என்பது அபிராமியும் அவள் இடுப்பிலிருந்த குழந்தையும். குழந்தை மட்டும் கை தட்டியது.

நஞ்சப்பன் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார். தலைவர் நஞ்சப்பனுக்குப் போர்த்தினார். தொழில்நுட்ப ஆலோசகர் பிரதீப்புக்கு இருவரும் சேர்ந்து போர்த்தினார்கள். பிரதீப் தலைவருடைய அக்கா மகன், டை கட்டியிருந்தான். வேறு யாருக்காவது போர்த்த வேண்டுமா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றானதும் நிகழ்ச்சி தொடங்கியது.

தலைவர் ஆறுமுகசாமி கம்ப்யூட்டர் தொழிலுக்கு வருமுன் பீரோ விற்றவர். அந்த அனுபவத்தை அவர் மறைத்ததேயில்லை.

"அம்மிணி, நான் ஆயிரக்கணக்குல பீரோ வித்தவன். ஒருத்தராச்சும் தகடு என்ன கனம்னு கேட்டிருப்பாங்களா? கண்ணாடி இருக்குதா, பெயிண்டு பளபளன்னு இருக்குதா, அவ்வளவுதான். கம்ப்யூட்டரும் அதே மாதிரிதான் கண்ணு. கேபினெட்தான் முகம். மொதல்ல அதைப் புடிச்சிரோணும்."

"எனக்குக் கேபினெட் எப்படி இருந்தாலும் சரி சார். ராம்தான்..."

"ராம் கண்ணுக்கே தெரியாது மேடம்" என்றான் பிரதீப். "நீங்க ஃபியூச்சரை நெனச்சுப் பாக்கோணும். ஃபியூச்சர்ல என்ன வரும்னு யாருக்குமே தெரியாது. அதனாலதான் இப்பவே டி.வி. கார்டு போட்டுக்கோணும்."

"நான் பனியனுக்குப் படம் வரையணும் சார். டி.வி. எதுக்கு?"

நஞ்சப்பன் கனிவாகக் குறுக்கிட்டார். "ஏனுங்க, ஊட்டுக்காரர் வரலீங்களா?"

வீட்டுக்காரர் இல்லாமல் இவ்வளவு பெரிய தொழில்நுட்ப முடிவை எடுப்பது குடும்ப ஒற்றுமையைக் குலைக்கும் என்று கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்துக்கு ராக்கையா அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தான். பொன்னாடைகள் மறுபடி போர்த்தப்பட்டன. கேள்விகள் எல்லாம் அவனிடமே கேட்கப்பட்டன.

"சொல்லுங்க, உங்களுக்கு எவ்வளவு ராம் வேணுமுங்க?"

ராக்கையா மனைவியைப் பார்த்தான். "எனக்கு அதெல்லாம் தெரியாது சார். அவ சொல்லுததுதான்."

'எனக்கு அதெல்லாம் தெரியாது' என்பது வரை நஞ்சப்பன் எழுதிக்கொண்டார். தேர்வைக் கணவர் முழுமையாகக் குழுவிடமே ஒப்படைத்துவிட்டார் என்று மைக்கில் அறிவித்தார். அபிராமி எழுந்து நின்று ஏதோ சொன்னாள். மைக் மேடையில் இருந்தது.

குழு தேர்ந்தெடுத்த பாகங்கள் வருமாறு: பக்கவாட்டில் கண்ணாடி வைத்து உள்ளே நீல விளக்கு எரியும் கேபினெட், டி.வி. கார்டு, கட்டில் கால் உயரத்தில் ஸ்பீக்கர்கள். இவற்றுக்குப் பணம் போதாததால் ராமில் பாதி குறைக்கப்பட்டது. மானிட்டர் சிறியதானது. எஸ்.எம்.பி.எஸ். பற்றி அபிராமி கேட்டபோது, கேபினெட்டுக்குள் ஏற்கெனவே ஒன்று கிடக்கிறது, அதுவே போதும் என்றார்கள்.

தீபாவளி வேலை தொடங்க அதிக நாள் இல்லை. அபிராமி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

கம்ப்யூட்டரை அவர்கள் அப்படியே கொடுத்துவிடவில்லை. 'பாகக் கோர்ப்பு வைபவம்' நடந்தது. கேபினெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். கடைசி ஸ்குரூவைத் தலைவர் தன் கையால் முடுக்கினார். அந்த நேரம் வீடியோக்காரர் தும்மிவிட்டதால் ஸ்குரூவைக் கழற்றி மறுபடி முடுக்கினார். இந்த முறை தலைவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்க மறந்தார். ஸ்குரூ மறுபடி கழன்றது. கடைசியில் மரை தேய்ந்து ஸ்குரூ கையோடு வந்துவிட்டது. நினைவாக அதை அபிராமியிடமே கொடுத்தார்கள்.

வீட்டில் நீல விளக்கு பிரமாதமாக எரிந்தது. ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு அபிராமி அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வந்தால் பாதி திறந்திருக்கும். ஆனாலும் அவள் விடவில்லை. சமைத்த நேரம் போக, குழந்தை உறங்கிய நேரமெல்லாம் உட்கார்ந்து சுப்பையனின் தீபாவளி வேலையை வரைந்தாள். யானைகள், மயில்கள், பட்டம் விடும் குரங்குகள். குரங்கின் வாலுக்கு நிறம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் கேபினெட்டுக்குள் பட்டென்று சத்தம் கேட்டது. தீய்ந்த வாடை வந்தது. எஸ்.எம்.பி.எஸ். போகும்போது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தது. யானை, மயில், குரங்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

சுப்பையன் முடிந்தவரை பொறுத்தார். ஆர்டர் கொடுத்தவர் பொறுக்கவில்லை. வேலை வேறொரு டிசைனருக்குப் போனது. அபிராமி குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அதே பட்டறைக்கு அச்சான பீஸ்களை மடித்து அடுக்கும் வேலைக்குப் போனாள். ஒரு நாள் சாயங்காலம் வந்து எடுக்கும்போது குழந்தை அவளிடம் வராமல் பக்கத்து வீட்டுக்காரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அன்று அவள் அழவில்லை. மறுநாள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பேரவைக்குப் போனாள்.

மேடையில் அதே நாற்காலிகள், அதே ஆட்கள். பலகையை மட்டும் திருப்பி மாட்டினார்கள். பின்பக்கம் 'குறைதீர்ப்பு நடுவர் குழு' என்று எழுதியிருந்தது.

"சார், நல்ல எஸ்.எம்.பி.எஸ். வேணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பாருங்க, கருகிப்போச்சு. வாரண்டி இருக்குல்லா?"

நஞ்சப்பன் இதைக் கேட்டு உண்மையாகவே வருந்தினார். "அம்மிணி, வாரண்டிங்கறது நல்லா ஓடற மெசினுக்குத் தானுங்க. கெட்டுப்போன மெசினுக்கெல்லாம் வாரண்டி குடுத்தா நமக்குக் கட்டுபடியாகுமுங்களா?"

பிரதீப் கேபினெட்டைத் திறக்காமல் சுற்றி வந்து பார்த்தான். "வைரஸ்" என்றான்.

"கருகின வாடை அடிக்கி சார். வைரஸ் எப்படிக் கருகும்?"

பிரதீப் தலைவரைப் பார்த்தான். தலைவர் அவனைப் பக்கத்தில் அழைத்து, அபிராமி அங்கே நிற்பதைச் சிறிதும் பொருட்படுத்தாமல் மைக் முன்னாலேயே அறிவுரை சொன்னார். எதிரில் நிற்கிறவர்களுக்குக் காது உண்டு என்பதைப் பேரவை அதுவரை ஆலோசித்ததில்லை.

"சரியாத்தான் சொன்னே மாப்பிள்ளை. என்னன்னு தெரியாட்டி வைரஸ்னு சொல்லிப் போடோணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. வெளிய தெரியற பாகம் வாங்கறவங்களுக்கு. உள்ள இருக்கற பாகம் நமக்கு. அதுலதான் பொழப்பே ஓடுது."

பிறகு அவள் பக்கம் திரும்பினார். "கண்ணு, நீ இதை ரொம்ப ஓட்டிப் போட்டே. நீல லைட்டு இன்னும் எரியுதல்லோ? அப்புறம் என்ன?"

குறை தீர்ந்ததாக அறிவித்து, அவள் கையில் ஒரு ஆப்பிளைக் கொடுத்துப் படம் பிடித்தார்கள். அந்தப் படம் 'மகிழ்ச்சியடைந்த பயனாளி' என்ற தலைப்போடு அலுவலகச் சுவரில் ஏறியது.

அபிராமி பட்டறையில் பீஸ் மடிக்கும்போது மேடையில் அவர்கள் மூவரும் சொன்ன வாக்கியங்களை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். ஒரு சொல் இடம் மாறவில்லை. ராக்கையா, "விட்டுத் தொலை புள்ள, அவங்க பெரிய ஆளுங்க" என்றான்.

"விடுதேன். விடுத நேரத்துல விடுதேன்" என்றாள்.

அந்த நேரம் தானாகவே பட்டறைக்கு நடந்து வந்தது. கையில் தலைவரின் புகைப்படத்தோடு நஞ்சப்பன் வந்தார். பேரவை ஒரு 'கணிப்பொறிப் பெருவிழா' நடத்துகிறது. பனியன் கம்பெனி முதலாளிகள் அத்தனை பேரும் வருகிறார்கள். இனிமேல் தங்கள் கம்பெனிகளுக்கு வேண்டிய கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பேரவை சொல்கிறபடியே வாங்குவதாக அன்று கையெழுத்துப் போடப்போகிறார்கள். உறுப்பினர்கள் எல்லோருக்கும் டி-ஷர்ட் வேண்டும். புது டிசைனர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்ததால் சுப்பையன் அபிராமியைக் கூப்பிட்டு டிசைன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்.

நஞ்சப்பன் அவளைப் பார்த்து முகம் மலர்ந்தார். "அட, நம்ம பயனாளி! மெசின் நல்லா இருக்குதுங்களா?"

"நீல லைட்டு எரியுது சார்."

"சந்தோசமுங்க. முன்னாடி தலைவர் போட்டோ. முதுகுல எங்களோட பொன்மொழிக. தலைவரோடது, என்னோடது, மாப்பிள்ளையோடது, ஆளுக்கொண்ணா மூணும் எல்லாச் சட்டைலயும். சனங்க மனசுல நிக்கோணும்."

"பொன்மொழி எழுதிக் கொண்டாந்திருக்கீங்களா சார்?"

"எழுதறதுக்கு என்ன இருக்குதுங்க? நாங்க பேசறதே பொன்மொழிதான். நீங்கதான் எங்க கூட்டத்துக்கெல்லாம் வந்திருக்கீங்களே."

"அப்ப நீங்க சொன்னதையே போட்டுரட்டுமா சார்? அப்படியேவா?"

"ஒரு எழுத்து மாறக் கூடாதுங்க. தலைவர் பேச்சை யாராச்சும் திருத்துனா அவருக்குக் கோவம் வந்துரும்."

துணி எது போடலாம் என்று சுப்பையன் கேட்டார். இருப்பதிலேயே மெல்லிசானது போதும், விழா ஒரு நாள்தானே என்றார் நஞ்சப்பன்.

இரண்டு நாளில் ஒப்புதலுக்குப் புரூஃப் போனது. தலைவர் தன் புகைப்படத்தை உற்றுப் பார்த்தார். மீசையை இன்னும் கறுப்பாக்கச் சொன்னார். நஞ்சப்பன் தன் பெயருக்கு முன்னால் 'செயல் வீரர்' விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டினார். பிரதீப் எழுத்தின் நிறம் நீலமாக இருக்கட்டும் என்றான். முதுகில் உள்ள வாசகத்தை அவர்கள் படிக்கவில்லை. தாங்கள் சொன்னதைத் தாங்களே படிக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சுப்பையன் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"இதை அவங்களேதான் சொன்னாங்களா அம்மிணி?"

"மைக்குல சொன்னாங்க அண்ணாச்சி."

"புரூஃப்ல கையெழுத்து இருக்குதா?"

"மூணு பேரோடதும் இருக்கு."

சுப்பையன் தன் அறைப் பக்கம் திரும்பினார். அங்கே பேரவை தேர்ந்தெடுத்துக் கொடுத்த அவருடைய கம்ப்யூட்டர் நீல விளக்கு மட்டும் எரிய, வாரக் கணக்கில் கிடந்தது. "அப்புறம் என்ன, ஓட்டச் சொல்லு" என்றார். "எழுத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணிக்க."

பெருவிழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தலைவரும் நிர்வாகிகளும் குத்துவிளக்கு ஏற்றும்வரை முதல் வரிசையில் அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் உறுப்பினர்கள். அவர்களுக்கும் பின்னால் பனியன் கம்பெனி முதலாளிகள். டி-ஷர்ட் போட்டவருக்குத் தன் முதுகு தெரியாது. பின்னால் இருப்பவருக்கு மட்டுமே தெரியும்.

முதலில் ஒருவர் கனைத்தார். அடுத்தவர் பக்கத்தில் இருந்தவரின் தோளைச் சுரண்டினார். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. தலைவர் திரும்பிப் பார்த்தார். முகங்கள் எல்லாம் மலர்ந்திருந்தன. தன் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு மலர்ந்த வாடிக்கையாளர்களை அவர் கண்டதில்லை. பூரித்துப்போய் மேடையேறினார்.

"இந்த ஆரவாரம் எதுக்குன்னு எனக்குத் தெரியுமுங்க. எங்க பொன்மொழிக உங்களைத் தொட்டுப் போட்டுது. உறுப்பினர்களே, எல்லாரும் எந்திரிச்சு, சனங்களுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க! நம்ம கொள்கை எல்லாருக்கும் தெரியட்டும்!"

உறுப்பினர்கள் எழுந்து நின்றார்கள். தலைவரும் மேடையில் திரும்பி நின்று, வீடியோ விளக்கில் தன் முதுகைக் காட்டினார். அப்படியே நின்றபடி, "நம்ம சிறப்பு விருந்தினர் அம்மா அதை வாயால வாசிக்கோணும்னு கேட்டுக்கறேன்" என்றார்.

சிறப்பு விருந்தினர் தமிழ்மதி பெரிய ஏற்றுமதிக் கம்பெனிக்காரர். மேடையேறி மைக்கை வாங்கிக்கொண்டு, தலைவரின் முதுகைப் பார்த்து ஆடிட்டர் அறிக்கை படிக்கிற குரலில் வாசித்தார்.

"வெளிய தெரியற பாகம் வாங்கறவங்களுக்கு. உள்ள இருக்கற பாகம் நமக்கு. அதுலதான் பொழப்பே ஓடுது. இப்படிக்கு, ஆறுமுகசாமி, தலைவர்."

தலைவர் மெதுவாகத் தலையை மட்டும் திருப்பினார்.

"வாரண்டிங்கறது நல்லா ஓடற மெசினுக்குத் தானுங்க. செயல் வீரர் நஞ்சப்பன்." தமிழ்மதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "மூணாவது வேட்டிக்குள்ள போயிருச்சு. எதிர்ல டை கட்டி நிக்கற தம்பி கொஞ்சம் திரும்புங்க. நன்றி. வைரஸ். பிரதீப், தொழில்நுட்ப ஆலோசகர்." மைக்கைத் தாழ்த்தி, "இதெல்லாம் நீங்க சொன்னதுங்களா?" என்று கேட்டார்.

மறுத்திருக்கலாம். ஆனால் தன் சொல்லைப் பிறர் சொல் என்று விட்டுக்கொடுக்கத் தலைவருக்கு மனம் வரவில்லை.

"நான் சொன்னதுதானுங்க" என்றார் மைக்கில். "ஆனா அது நமக்குள்ள பேசறது. உள்ள பேசறதை வெளிய போட்டா, அப்புறம் வியாபாரம் எப்படீங்க நடக்கும்?"

சிரிப்பில் மண்டபம் அதிர்ந்தது. முதலாளிகள் கையெழுத்துப் போடாமல் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனார்கள். சாப்பாடு நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். உறுப்பினர்கள் அவசரமாக டி-ஷர்ட்டை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். துணி இருப்பதிலேயே மெல்லிசு. எழுத்து மறுபக்கமும் தெரிந்தது. முதுகில் இருந்தது இடவலம் மாறிய கண்ணாடி எழுத்தாக ஆனதுதான் மிச்சம். கடைசி வரிசையில் நின்று அபிராமி எல்லாவற்றையும் பார்த்தாள். வயிற்றில் இருந்த தீ ஆறவில்லை, ஆனால் குளிர் காய்கிற அளவுக்கு இதமாக இருந்தது.

மறுநாள் மூன்று பேரும் பட்டறைக்குப் பாய்ந்து வந்தார்கள். சுப்பையன் மூன்று கையெழுத்தும் இருந்த புரூஃபை நீட்டினார். தலைவர் அபிராமியிடம் வந்தார்.

"ஏம்மிணி, உனக்கு நாங்க என்ன கெடுதல் பண்ணுனோம்? ஆப்பிள் குடுத்தமல்லோ?"

"நல்லா இருந்துது சார். வெளிய பளபளன்னு இருந்துது. உள்ள அழுகல்."

நஞ்சப்பன் எதையோ சொல்ல வாயெடுத்து, அபிராமி தன் வாயையே பார்ப்பதைக் கவனித்து மூடிக்கொண்டார்.

ஒழுங்கு நடவடிக்கைக்காகப் பேரவை கூடியது. தலைவர் சொன்னதை அச்சடித்தது குற்றமா, தலைவர் சொன்னதே குற்றமா என்பதில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஆள் வரவில்லை. தன் கடையில் கூட்டம் நெருக்கியடிப்பதாகக் கன்னையன் சொல்லியனுப்பினார். அவர் லூஸில் விற்க ஆரம்பித்திருந்தார். மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். பாத்திரக் கடை மாடியில் இப்போது குக்கர்கள் அடுக்கியிருக்கிறார்கள்.

அபிராமிக்கு உடனே எதுவும் வாங்க முடியவில்லை. தீபாவளி போய், பொங்கலும் போனபின், சுப்பையன் கொடுத்த முன்பணத்தோடு கன்னையன் கடைக்குப் போனாள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தாள். லேசாக இருந்ததைத் திருப்பிக் கொடுத்தாள். ராம் கேட்டாள். கேபினெட்டில் ஓரம் நசுங்கிய ஒன்றைக் காட்டிக் கன்னையன் தயங்கினார். அதையே எடுத்துக்கொண்டாள். வீட்டில் பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பி, ராக்கையா டார்ச் பிடிக்க, அவளே கோர்த்தாள். ஸ்விட்சைப் போட்டதும் ஒரு சின்ன பீப் சத்தம். விளக்கு எதுவும் ஜொலிக்கவில்லை. படம் திறந்தது, அவள் எழுந்து போகுமுன்பே திறந்தது. குழந்தை திரையைத் தொட்டது. ராக்கையா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தூசி என்றான்.

சித்திரையில் வேன் உரிமையாளர் சங்கத்துச் செயலாளர் ஒருவர் வீடு தேடி வந்தார். ஆண்டு விழாவுக்கு டி-ஷர்ட் வேண்டும். முன்னால் சங்கச் சின்னம், பின்னால் தலைவர் பெயர்.

"தலைவர் ஏதாச்சும் சொல்லியிருந்தா சொல்லுங்க சார், அதையும் போட்டுரலாம்" என்றாள் அபிராமி.

அவர் வாசலை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"எங்க தலைவர் இப்பல்லாம் பேசறதே இல்லீங்க அம்மிணி" என்றார். "இந்த ஊர்ல எந்தச் சங்கத்துத் தலைவரும் பேசறதில்லீங்க."